அப்பா கேட்ட அடையாளங்கள்

எங்கள் சபையில் கல்யாணம் ஆகாதவர்கள் எந்த வயதிலும் வாலிபர்கள்தான். பெண்கள் சங்கத்தில் சேருவதற்குக் கழுத்தில் தாலி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் கல்யாணமாகாத ஒருத்தியை அங்கே யாரும் கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை. அதனால் நாற்பதைத் தாண்டிய பிறகும் வாலிபர் கூட்டத்தில், என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிடும் காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வாலிப வயதின் சோதனைகளை ஜெயிப்பது எப்படி என்று செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வயதில் எனக்கிருந்த பெரிய சோதனை முழங்கால் வலி.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குறிப்புகளில் பல வருடங்களாக என் கல்யாணமும் இருந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கும் பரீட்சை எழுதுகிறவர்களுக்கும் நடுவில் என் முறை வரும். "எங்கள் சகோதரிக்கு ஏற்ற துணையை உம்முடைய வேளையிலே கட்டளையிடும்" என்று போதகர் சொல்வார். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "கர்த்தருடைய வேளைன்னு ஒண்ணு இருக்கும்மா, லேட்டானாலும் பெஸ்ட்டா குடுப்பாரு" என்பார். நான் சிரித்துத் தலையாட்டுவேன். சும்மா ஆட்டவில்லை, நம்பித்தான் ஆட்டினேன். இன்றைக்கும் நம்புகிறேன். விசுவாசம் போனவள் புலம்புகிறாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்குச் சண்டை கடவுளோடு இல்லை.

அம்மா இறந்தபோது நான் லேப் டெக்னீஷியன் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆரம்ப காலத்தில் சைக்கிளில் போய்த் தபால் கொடுத்தவர். பிறகு கவுண்ட்டரில் உட்கார்ந்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா இடம் வாங்கியபோது சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லையாம். இப்போது ஒரு பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு மாத வாடகைக்கு அறை விடும் மூன்று மாடிக் கட்டடம், இன்னொரு பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து காபி குடிக்கும் கடை. நான் அதே ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்துவது தெரியாமல் குத்துவேன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே பெயர் அதுதான்.

அப்பா சபையில் மூப்பர். யாரிடமும் கோபமாகப் பேசாதவர். எனக்கு வரன் வந்தபோதெல்லாம் சாதி, சம்பளம் என்று கிண்டிக் கேட்டவரும் இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் மனிதர்களிடம் கேட்கவில்லை. வேதத்தில் ஒருவர் ஆட்டுத்தோலைக் களத்தில் விரித்துவைத்து, தோல் மட்டும் பனியில் நனைந்து தரை காய்ந்திருந்தால் இது உம்முடைய சித்தம் என்று அறிவேன் என்று அடையாளம் கேட்பார். அப்படியே நடக்கும். நடந்தும் அவருக்குத் திருப்தி வராமல், அடுத்த நாள் தோல் காய்ந்து தரை நனையட்டும் என்று மறுபடியும் கேட்பார். அப்பாவுக்கு அந்தப் பகுதி மனப்பாடம். எங்கள் வீட்டில் ஆட்டுத்தோல் இல்லை. அதனால் கையில் கிடைத்ததை வைத்து அப்பா அடையாளம் கேட்டார்.

ஒரு வரனுக்கு, அவர்கள் பேசும்போது முதல் வார்த்தையாக 'ஸ்தோத்திரம்' சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர்கள் 'ஹலோ' என்றார்கள். இன்னொரு வரனுக்கு, அவர்கள் வந்துபோகும்வரை மழை வரக்கூடாது என்று கேட்டிருந்தார். ஐப்பசி மாதம். மழை வந்தது. என்ன அடையாளம் என்பது எனக்கோ வந்தவர்களுக்கோ முன்கூட்டித் தெரியாது. அப்பா மனதுக்குள் ஜெபித்து மனதுக்குள் வைத்திருப்பார். எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "கர்த்தர் கதவை அடைச்சுட்டார் பாப்பா" என்று சொல்வார். அப்போதுதான் எது கதவு என்றே எனக்குத் தெரியும். முதலில் இரண்டு மூன்று தடவை எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. வந்தவர்களில் ஒருவர், பெண் பார்க்க வந்த இடத்தில் என்னை வாய்க்கு வாய் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கதவு அடைபட்டதில் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் குடியாத்தத்துக்காரர் விஷயத்தில்தான். அப்போது எனக்கு முப்பது முடிந்திருந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். போதகரின் மனைவியை நாங்கள் எல்லாரும் பாஸ்டரம்மா என்போம். அவர் மூலமாக வந்த வரன். பெரியவர்கள் பேசிய பிறகு அவரும் நானும் சில வாரங்கள் போனில் பேசினோம். அவர் பேசுவது குறைவு, கேட்பது அதிகம். நான் லேபில் நடந்த கதைகளைச் சொல்வேன். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த ஆறடி வெள்ளைக்காரரின் கதையை அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை எழுதும்போதும் பிடித்திருக்கிறது. அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

பெண் பார்க்க வரும் நாளை அப்பாதான் முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் நல்ல நேரம், ராகுகாலம் போட்ட காலண்டர் மாட்டுவதில்லை. சபையில் கொடுக்கும் வசனக் காலண்டர் ஒன்றுதான். அதில் அமாவாசை, பௌர்ணமி கிடையாது. முந்தின நாள் தண்ணீர் கேன் போட வந்தவர், "நாளைக்கு வண்டி வராதுக்கா, பௌர்ணமி. லீவு நாள்ல வேற வுழுந்திருக்கு, கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது எங்கள் சந்து. பௌர்ணமிக்குக் கூட்டம் சேர்ந்தால் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். வேலூர் பக்கமிருந்து வருகிறவர்கள் ஊரைத் தாண்டித்தான் எங்களிடம் வர வேண்டும்.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "வேற நாள் மாத்திக்கலாம்ப்பா. பாவம், மாட்டிக்குவாங்க."

"நாள் நட்சத்திரம் பாத்து நாள் மாத்தறதா? நம்ம வழக்கமா அது?" என்றார் அப்பா.

"நட்சத்திரம் இல்லப்பா, பஸ்ஸு."

"கர்த்தர் கொண்டு வருவார்" என்று சொல்லிவிட்டு ஆராதனைக்குப் போட்டுப் போகும் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ண உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் வேகமாக வந்து கேசரி கிளறினேன். அவர்களின் வாடகைக் காரை ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று போன் வந்தது. ஆட்டோவும் இல்லை. நடந்து வருகிறோம் என்றார்கள். அப்பா வெளியறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடித்தது. அப்பா எழுந்தார். சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிவிட்டு பனியனோடு வந்து உட்கார்ந்தார். வியர்க்கிறது போல என்று நினைத்து நான் ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

அவர்கள் வெயிலில் நடந்து, கூட்டத்தில் இடிபட்டு, வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. அவருடைய அம்மாவின் செருப்பு வார் வழியிலேயே அறுந்துபோய், பாதி தூரம் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். உள்ளே வந்ததும் அந்த அம்மா கேட்டது ஒரு பேசின் வெதுவெதுப்பான தண்ணீர். காலை அதில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "கிரிவலம் சுத்திட்டே பொண்ணு பாக்க வந்த கிறிஸ்டியன் குடும்பம் நாங்கதான் போலிருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த அம்மாவோடு ஒரு வீட்டில் இருக்கலாம் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். அப்பா சிரிக்கவில்லை. மறுபடியும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து மரியாதையாகப் பேசினார், சங்கீதம் வாசித்தார், ஜெபித்தார், காபி கொடுக்கச் சொன்னார். குறை சொல்ல ஒன்றும் இல்லாதபடி நடந்துகொண்டார்.

கிளம்பும்போது குடியாத்தத்துக்காரர் என்னிடம், "எனக்கு ஓகேங்க. நடந்து வரும்போதே நெனச்சேன், இவ்ளோ தூரம் வந்து இல்லன்னு சொல்லிட்டா கஷ்டமா இருக்கும்னு" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பவும் அதே கூட்டத்தில் அவர்கள் நடந்து போனார்கள். என் செருப்பை அந்த அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "பன்னெண்டு மணிக்கு முன்னாடி வாசப்படி மிதிக்கணும்னு கேட்டிருந்தேன் பாப்பா. கர்த்தர் கதவை அடைச்சுட்டார்."

போலீஸ்காரர்தானே அடைத்தார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அப்பா சொன்னால் எதிர்த்துப் பேசலாம். கர்த்தர் சொன்னார் என்று அப்பா சொன்னால் எப்படி எதிர்ப்பது? நான் பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குடியாத்தத்துக்காரர் அதற்குப் பிறகும் இரண்டு தடவை போன் செய்தார். எடுத்து என்ன சொல்வது? அடுத்த வருடம் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று பாஸ்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு, கர்த்தர் அதைவிட நல்லதாக வைத்திருப்பார் என்றும் சொன்னார். அன்றைக்கு மட்டும் நான் தலையாட்டவில்லை.

அதற்குப் பிறகு வரன்கள் கம்மியாயின. வந்த ஒன்றிரண்டும் ஏதோ ஒரு அடையாளத்தில் இடறி விழுந்தன. பிறகு வருவதே நின்றுபோனது. போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது, பழகிய காதுக்கு மட்டும் புரியும். காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, சந்தில் இருக்கும் ஒரு அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்குப் போவேன். மத்தியானம் ஓடி வந்து, திரும்பவும் ஓடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குறிப்புகள் வாசித்தபோதுதான் கவனித்தேன். என் கல்யாணம் அதில் இல்லை. "தகப்பனாரைப் பராமரிக்கிற எங்கள் சகோதரிக்குப் பெலன் தாரும்" என்று வந்தது. எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை. யாரும் என்னிடம் கேட்கவுமில்லை. பத்துப் பதினைந்து வருடம் எனக்காக மன்றாடியவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் கையை விட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. கடைசிப் பாட்டு பாடுவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

அது பாஸ்டரம்மாவின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சில மாதங்கள் கழித்து ஒரு வரன் கொண்டுவந்தார். போளூரில் இருப்பவர். மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். காலேஜ் முதல் வருடம் படிக்கும் ஒரு மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள். மருந்துக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சபையில் கீபோர்டு வாசிக்கிறார். அங்கே வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது. முதல் தடவை போனில் பேசியபோது 'சிஸ்டர்' என்று ஆரம்பித்து, உடனே நிறுத்தி, "சாரிங்க, பழக்க தோஷம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"உங்க அப்பாவைப் பத்தி எல்லாம் கேள்விப்பட்டேன்" என்றார். "நான் படுக்கையில இருந்த ஆளைப் பாத்துக்கிட்டவன்தான். எனக்கு அது பயம் இல்லை. சனிக்கிழமை வரேங்க. ஞாயித்துக்கிழமைன்னா சர்ச்ல கீபோர்டு இருக்கு, விட முடியாது."

அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. அவருக்கே தெரியாத மாற்றம். மனதுக்குள் ஜெபிப்பதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டு ஜெபித்தார். டாக்டரிடம் கேட்டதற்கு, சிலருக்கு அப்படி ஆகும் என்றார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடியற்காலையில் முணுமுணுவென்று சத்தம் வரும். நான் சமையலறையில் என் வேலையைப் பார்ப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்பா குழறிக் குழறி ஜெபிப்பது காதில் விழுந்தது.

"ஆண்டவரே... அந்த மனுஷன் சனிக்கெழமை வரேன்னு சொல்லியிருக்கார்... இது உம்ம சித்தம்னா... அவர் ஞாயித்துக்கெழமை வரட்டும். இல்லன்னா... கதவை அடைச்சுடும்."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அவர் வரமுடியாது என்று சொன்ன நாளையே அப்பா கேட்கிறார். தெரிந்தே கேட்கிறார். அதோடு சேர்ந்து இன்னொன்றும் புரிந்தது. அப்பா இந்த ஊரில் தபால் கொடுத்தவர். பௌர்ணமி அன்று எந்த ரோட்டை அடைப்பார்கள், சைக்கிளைக்கூட எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அப்படியும் அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர்தான் குறித்தார். பன்னிரண்டு மணியையும் அவர்தான் கேட்டார். ஐப்பசியில் மழை வரக்கூடாது என்றும் அவர்தான் கேட்டார். அவர் தன்னையே ஏமாற்றிக்கொண்டாரா, என்னை ஏமாற்றினாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு நான் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். கொஞ்சம் வேகமாக ஊட்டினேன். இருமினார்.

போன் பக்கத்தில்தான் இருந்தது. போளூருக்கு ஒரு போன் போட்டு, கீபோர்டை ஒரு வாரம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றால் வேலை முடிந்தது. அவர் காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டார். எடுத்தேன், வைத்தேன். அப்படிச் செய்தால் ஆண்டவருடைய கையெழுத்தை நானே போட்டது போல் ஆகும் என்று பயமாக இருந்தது. அதைவிட, எதற்காக நான் இந்த விளையாட்டை ஆட வேண்டும் என்ற எரிச்சல் அதிகமாக இருந்தது. போன் செய்யவில்லை.

சனிக்கிழமை அவர் சொன்னபடி பைக்கில் வந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் பூவும் பழமும் கொண்டு வருவார்கள். இவர் ஒரு வாட்டர் பெட்டை மடித்துப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவருடைய மனைவிக்கு வாங்கியதாம். "அப்பாவுக்கு முதுகுல புண் வராம இருக்கும். கழுவிட்டேன், சுத்தமா இருக்கு" என்றார். அவரே தண்ணீர் நிரப்பி, என்னோடு சேர்ந்து அப்பாவைப் புரட்டி, அதைப் போட்டுக் கொடுத்தார். பழகிய கை. அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை.

வெளியே வந்து, "அப்பாவுக்கு இஷ்டம் இல்லையோ?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குடியாத்தத்துக்காரர், பௌர்ணமி, நேற்றுக் காலையில் கேட்டது, எல்லாம். முன்பின் பழகாத ஒருவரிடம் அப்பாவைப் பற்றி இப்படிப் பேசுகிறேனே என்று கூசியது. ஆனால் நிறுத்த முடியவில்லை. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "சொல்லியிருந்தா ஞாயித்துக்கெழமையே வந்திருப்பேனே. கீபோர்டு இல்லாமயும் பாட்டு பாடுவாங்க" என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. நான் ஆராதனை முடிந்து வந்து அப்பாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் பைக் சத்தம் கேட்டது. அவர்தான். உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "ஐயா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. வந்திருக்கேன்" என்றார்.

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "வேதத்துல... அவரும்... ரெண்டு தடவதானே... கேட்டார்."

என் கையில் சோறு இருந்தது. தட்டைத் தரையில் வைத்தேன். அப்பாவிடம் அதுவரை நான் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன்.

"போதும்ப்பா. நீங்க கேக்கறது அடையாளமே இல்லை. ஆண்டவர் என்னைக் கூட்டிட்டுப் போயிடக்கூடாதுன்னு கேக்கறீங்க. அதை நேராக் கேட்டிருக்கலாமே. என்கிட்ட கேட்டிருக்கலாமே. எத்தனை பேரை நடக்க வச்சீங்க."

அப்பா அழுதார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ள, எச்சில் வழிய அழுதார். நான் துடைக்கவில்லை. அவர்தான் துண்டை எடுத்துத் துடைத்தார், போளூர்க்காரர். அப்பா அந்தத் துண்டை இடது கையால் பிடித்துக்கொண்டு என்னிடம், "நான் போனப்புறம்... போயேன் பாப்பா. அதுவரைக்கும்..." என்றார். அதற்கு மேல் நாக்கு வரவில்லை.

அப்பா கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டு நான் அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். அப்பாவையும் போளூருக்குக் கூட்டிப் போகலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அப்பா தலையை அசைத்து அசைத்து மாட்டேன் என்றார். கல்யாணத்தை முடித்துக்கொண்டு நான் இந்த வீட்டிலேயே அப்பாவோடு இருக்கலாம் என்றும் அவர் சொன்னார். அதற்கும் அதே தலையசைப்பு. எனக்கு அப்பாவின் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. அந்த முகத்தைத் தாண்டிக்கொண்டு வாசலுக்குப் போக முடியாமல் என் காலும் அப்படியே நின்றது. இரண்டும் ஒருத்திக்குள்ளேதான் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். "சரிங்க, காத்திருக்கலாம்" என்றார். "எதுவரைக்கும்?" என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது அவர் தினமும் போன் செய்கிறார். பேச்சு எங்கே சுற்றினாலும், "அப்பா எப்படி இருக்காங்க?" என்ற இடத்துக்கு வரும். நல்ல மனதோடுதான் கேட்கிறார். "பரவாயில்லை, கொஞ்சம் தேறிட்டாங்க" என்று சொல்லும்போது என் குரலை நானே உற்றுக் கேட்கிறேன். அதில் சந்தோஷம் இருக்கிறதா என்று தேடுகிறேன். சில நாள் இருக்கிறது. இல்லாத நாட்களில் போய் அப்பாவின் முதுகுக்கு இன்னொரு தடவை பவுடர் போட்டுவிடுகிறேன்.

பாஸ்டரம்மாவிடம், சம்மதம்தான், தேதி மட்டும் முடிவாகவில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போன வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். பெண்கள் சங்கத்தில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அப்பாவின் கட்டிலைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஜெபக்குறிப்பில் என் கல்யாணம் திரும்பி வந்திருந்தது. பாஸ்டரம்மா என் தலையில் ஒரு கையும் அப்பாவின் நெற்றியில் ஒரு கையும் வைத்துக் கண்ணீரோடு ஜெபித்தார்.

"ஆண்டவரே, இத்தனை வருஷம் உம்முடைய வேளைக்காகப் பொறுமையாய்க் காத்திருந்த பிள்ளை. இனிமேலும் தாமதிக்க வேண்டாம் ஆண்டவரே. அந்த வேளையைச் சீக்கிரமாய் வரப்பண்ணும். இந்த வருஷமே வரப்பண்ணும். எந்தத் தடையானாலும் அதை எடுத்துப்போடும் சுவாமி."

அவர் என்ன கேட்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டும் என்று சொல்லவும் வரவில்லை. கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் முடிந்தது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. கொஞ்சம் தாமதித்துக் கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. குழறாமல், சத்தமாக, "ஆமென்" என்றார்.